வீணாகும் வெளிச்சம்

நமது தெருவில் ஓய்வு பெற்ற கணித ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். சென்ற மாதம் ஒருநாள் மாலை அவர் வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டி திடீரென்று இருண்டுபோயிற்று. பாட்டும் பேச்சும் வழக்கம்போல் கேட்டன. படத்தை மட்டும் காணோம். அறை விளக்கை அணைத்துவிட்டுக் கைவிளக்கு ஒன்றைத் திரையின்மேல் அடித்துப் பார்த்தபோது, உருவங்கள் நிழல்போல உள்ளே நடமாடிக்கொண்டிருப்பது தெரிந்தது. பழுது பார்ப்பவர் ஒருவர் வரவழைக்கப்பட்டார். அவர் பெட்டியைக் கூடத்தில் கவிழ்த்துப் பிரித்து, கெட்டுப்போன விளக்கு வரிசைகளை எடுத்துவிட்டுப் புதியவற்றைப் பொருத்தி மூடினார். கூலி பெற்றுக்கொண்டு போனார். படம் வந்தது. ஆனால் பௌர்ணமியன்று மேகம் கவிந்தாற்போல் வந்தது.

ஆசிரியர் நம்மிடம் வந்து முறையிட்டார். "விளக்குகள் அத்தனையும் புதியவை. பிரகாசத்தைக் கூட்டும் எண்ணை 100க்கு ஏற்றிவிட்டேன். அதற்கு மேல் எண் இல்லை. என்றாலும் முன்பிருந்ததில் பாதி வெளிச்சங்கூட இல்லையே, இது என்ன கணக்கு?" என்று கேட்டார். நாம் போய்ப் பார்த்தோம். பெட்டியைப் பார்த்ததைக் காட்டிலும், அலமாரிக்குப் பின்னால் சுருட்டிச் செருகியிருந்த இரண்டு பிளாஸ்டிக் தாள்களைப் பார்த்ததுதான் பயன்பட்டது. ஒன்று பாதரசம் பூசினாற்போல் பளபளத்தது. மற்றொன்று பார்வைக்குச் சாதாரணத் தாள். ஆனால் அதைக் கண்ணுக்கு முன் பிடித்தால் எதிரே எரிந்த ஒரு விளக்கு இரண்டு விளக்காகத் தோன்றிற்று. அதன் மூலையில் ஒரு சாண் அகலம் கத்தரிக்கப்பட்டிருந்தது. இவை ஏது என்று விசாரித்தோம். "பெட்டிக்குள்ளே இருந்ததுதான், மாமா. வெறும் பிளாஸ்டிக், இது இல்லாமலே ஓடும் என்று அவர் போட்டுவிட்டுப் போனார். பள்ளிக்கூடத்துக்காக அட்டை வீடு செய்தேன்; ஜன்னலுக்குக் கொஞ்சம் வெட்டிக்கொண்டேன்" என்றான் ஆசிரியரின் பேரன்.

பழுது பார்த்தவர் பேரில் நமக்குக் கோபம் இல்லை. அந்தத் தாள்களில் கம்பி கிடையாது. மின்சாரம் அவற்றை எட்டியும் பார்ப்பதில்லை. அவை இல்லாமலே பெட்டி ஓடுகிறது என்பதும் மெய். ஆயினும் அந்த வீட்டு வெளிச்சத்தில் பாதிக்கு மேல் அவற்றோடுகூட அலமாரிக்குப் பின்னால் ஒதுங்கிவிட்டது. மின்சாரம் ஒரு துளியும் உண்ணாத ஒரு தாள் எவ்வாறு வெளிச்சத்தைக் கூட்டும் என்பதை இவ்வாரம் நேயர்களோடு ஆராய விரும்புகிறோம்.

முதலில் ஒரு பெயர் மயக்கத்தைத் தீர்த்துக்கொள்வோம். கடைக்காரர் எல்.இ.டி. பெட்டி என்று விற்பதில் பெரும்பாலானவை எல்.சி.டி. பெட்டிகளே. எல்.இ.டி. என்பது உள்ளே எரியும் சிறு விளக்குகளின் பெயர். முன்னாளில் அந்த இடத்தில் மெல்லிய குழல் விளக்குகள் இருந்தன. படத்தை உண்டாக்குவது விளக்குகளுக்கு முன்னால் நிற்கும் திரவப் படிகப் பலகை. திரவப் படிகம் என்ற பெயரே முரணாகத் தோன்றும். 1888-ஆம் ஆண்டில் பிராக் நகரத்தில் பிரடெரிக் ரைனிட்சர் என்னும் தாவர சாஸ்திரி, காரட் கிழங்கிலுள்ள கொலஸ்டிரால் போன்ற பொருள்களை ஆராய்கையில், இரண்டு முறை உருகும் ஒரு வஸ்துவைக் கண்டு திகைத்தார். சுமார் 145 பாகை வெப்பத்தில் அது உருகிக் கலங்கலாயிற்று. 178 பாகையைத் தாண்டியதும் தெளிந்தது. இடையிலிருந்த அந்தக் கலங்கல் நிலையே திரவப் படிகம். நீரைப் போல ஓடும். ஆனால் அதன் அணுத்திரள்கள் படிகத்தில் இருப்பதுபோல ஒரே திசை நோக்கி அணிவகுத்து நிற்கும்.

இந்தத் திரவப் படிகம் தானாக ஒளிர்வதில்லை. அது வாயில் காப்போன் மட்டுமே. பின்னாலிருந்து வரும் ஒளியை எங்கே விடுவது, எங்கே தடுப்பது என்று பார்த்துக்கொள்ளும் உத்தியோகம் அதற்கு. அந்த உத்தியோகத்தைச் செய்வதற்கு அதற்கு முன்னும் பின்னும் போலரைஸர் எனப்படும் இரண்டு வடிகட்டித் தாள்கள் அவசியம். ஒளி என்பது குறுக்காக அதிரும் அலை. விளக்கிலிருந்து புறப்படும் ஒளி எல்லாப் பக்கமும் அதிர்கிறது. போலரைஸர் ஒரே ஒரு பக்கமாக அதிரும் ஒளியை மட்டும் விடும். ஜன்னல் கம்பிகளின் இடையே ஓலை விசிறியை நுழைக்கப் பாருங்கள். செங்குத்தாகப் பிடித்தால் நுழையும், படுக்கையாகப் பிடித்தால் நுழையாது. உபமானம் முற்றிலும் பொருந்தாவிட்டாலும் விஷயம் விளங்கும். முதல் போலரைஸர் ஒளியைச் செங்குத்தாக்கி அனுப்புகிறது. திரவப் படிகம் அதைத் திருப்பியோ திருப்பாமலோ விடுகிறது. இரண்டாவது போலரைஸர் அதற்கேற்ப விடுகிறது அல்லது தடுக்கிறது. படம் பிறப்பது இப்படித்தான். இத்தகைய வடிகட்டியை மெல்லிய தாளாகச் செய்வதற்கு வழி கண்டு 1929-ல் உரிமை கோரியவர் எட்வின் லாண்ட் என்ற அமெரிக்க இளைஞர்.

இப்போது வரவு செலவுக் கணக்கைப் பார்ப்போம். விளக்கிலிருந்து 100 பங்கு ஒளி புறப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் போலரைஸரிலேயே பாதிக்கு மேல் சூடாகி மடிந்துவிடுகிறது. பிறகு சிவப்பு, பச்சை, நீலம் என்ற நிறச் சல்லடைகள். ஒவ்வொன்றும் தன் நிறத்தை விட்டு மற்ற இரண்டையும் விழுங்குவதால் மூன்றில் இரண்டு பங்கு அங்கே போகிறது. ஒவ்வொரு புள்ளியின் ஓரத்திலும் உள்ள கம்பிகளும் கருவிகளும் தம் பங்குக்குக் கொஞ்சம் மறைத்துக்கொள்கின்றன. எல்லாம் போக நம் கண்ணுக்கு வந்து சேருவது 5 பங்கிலிருந்து 8 பங்குவரைதான்! நூறு மூட்டை நெல்லை அனுப்பி, வழியில் தொண்ணூற்றிரண்டு மூட்டையைப் பறிகொடுத்து, எஞ்சிய எட்டை வீட்டில் இறக்கிக்கொள்ளும் மிராசுதாரரை நாம் என்னவென்று சொல்லுவோம்? ஆனால் உலகெங்கும் உள்ள கோடிக்கணக்கான திரைகள் இந்த நிர்வாகத்தில்தான் நடக்கின்றன. மடிக் கணினியின் பாட்டரியிலும், எல்.சி.டி. திரை கொண்ட செல்போனின் பாட்டரியிலும் பெரும் பங்கைப் பின்விளக்கு தின்றுவிடுவதற்கு இதுவே காரணம்.

திரை மங்கலாக இருந்தால் இன்னும் நாலு விளக்கு வைக்கலாம். அது பணக்கார வழி. மின்சாரச் செலவு ஏறும், சூடு ஏறும், பாட்டரி சீக்கிரம் ஓயும். வழியில் பறிபோவதை மறிப்பது இல்லத்தரசியின் வழி. தாள்கள் செய்வது இந்த இரண்டாவது வேலையையே.

மின்சாரம் இல்லாத காலத்து வீடுகளில் சுவர்விளக்கு ஒன்று மாட்டியிருக்கும். அதன் பின்னால் வட்டமாக ஒரு தகரம் பளபளவென்று நிற்கும். தகரம் மண்ணெண்ணெய் குடிப்பதில்லை. எனினும் அதை எடுத்துவிட்டால் கூடம் மங்கிப்போகும். சுவரை நோக்கிச் சென்று வீணாகும் ஒளியைக் கூடத்தை நோக்கித் திருப்புவதே அதன் காரியம். 1823-ல் பிரான்ஸ் தேசத்தில் கார்துவான் கலங்கரை விளக்கத்தில் பிரெனல் என்ற விஞ்ஞானி அமைத்த கண்ணாடி வளையங்களும் இதே காரியத்தை வேறு விதமாகச் செய்தன. மேலும் கீழும் சிதறிப்போகும் ஒளியை வளைத்துக் கடலை நோக்கி அனுப்பிவிட்டார். மாலுமிக்குத் தெரிந்த பிரகாசம் பன்மடங்காயிற்று. அந்த வளையங்களோ எண்ணெய் குடிப்பதில்லை.

பேரன் கத்தரித்த தாள் இந்தக் கலங்கரை விளக்கத்தின் கொள்ளுப்பேரன். அதன் ஒரு பக்கம் வழவழப்பானது. மறுபக்கத்தில், உழுத வயல் போல, முப்பட்டக வடிவமான நுண்ணிய வரப்புகள் நெருக்கமாக ஓடுகின்றன. வரப்புக்கும் வரப்புக்கும் இடையே 50 மைக்ரான் தூரம் என்றால், ஒரு மில்லிமீட்டருக்குள் இருபது வரப்புகள். ஒவ்வொரு வரப்பின் உச்சியும் 90 பாகைக் கோணம். பக்கவாட்டாகச் சாய்ந்து வரும் கிரணம் இந்த வரப்பின் சரிவில் விலகி, நேராக நம்மை நோக்கித் திரும்புகிறது. இதுவரை எளிது. நேராக வரும் கிரணத்தின் கதிதான் வேடிக்கையானது. நல்ல பிள்ளையாய் நேரே வரும் அந்தக் கிரணத்தைத் தாள் உள்ளே விடுவதில்லை! அது சரிவில் 45 பாகையில் மோதுகிறது. இத்தகைய பிளாஸ்டிக்கில் 42 பாகையைத் தாண்டி மோதும் ஒளி வெளியேற முடியாமல் முழுவதும் எதிரொளிக்கப்படும். எதிர்ச் சரிவிலும் அவ்வாறே மோதி, வந்த வழியே கீழே திரும்பிவிடுகிறது. கீழே வெள்ளைத் தாள் ஒன்று இருக்கிறது. அதில் பட்டுச் சிதறி, இம்முறை வேறு கோணத்தில் மேலே வருகிறது. சரியான கோணமானால் வெளியே போகும். இல்லாவிட்டால் மீண்டும் கீழே. பரீட்சையில் தேறும்வரை மாணவனை அதே வகுப்பில் வைத்திருப்பதுபோல் ஒளியைத் திரும்பத் திரும்ப அனுப்புகிறது அந்தத் தாள். இத்தகைய தாள் ஒன்று நேர் எதிரே அமர்ந்து பார்ப்பவருக்குச் சுமார் ஒன்றரை மடங்கு பிரகாசம் தரும். ஒன்றின்மேல் ஒன்றைக் குறுக்காக வைத்தால் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இந்தத் தாளுக்குப் பேர்போனது அமெரிக்காவில் 3எம் என வழங்கும் கம்பெனி. அதன் பூர்வ கதையைச் சொல்லாமல் மேலே போக நமக்கு மனம் வரவில்லை. 1902-ல் மினசோட்டா மாகாணத்தில் சிலர் கூடி, குருந்தக்கல் வெட்டி விற்கலாம் என்று சுரங்கம் ஆரம்பித்தார்கள். ஆங்கிலத்தில் கொரண்டம் என்று வழங்கும் சொல்லே நம்முடைய குருந்தந்தான் என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். வெட்டிப் பார்த்தால் அது குருந்தமன்று. சாணை பிடிக்க உதவாத வேறு கல். முதலே முழுகியது போலாயிற்று. அவர்கள் சுரங்கத்தை விட்டுவிட்டு உப்புத்தாள் செய்யத் தொடங்கினார்கள். தாளின் மேல் ஒரு பொருளைச் சீராகப் பூசும் வித்தை அப்படிக் கைவந்தது. பிறகு 1960-களில், பள்ளிக்கூடங்களில் படங்காட்டும் கருவிக்காக ரோஜர் அப்பெல்டார்ன் என்பவரும் அவர் தோழர்களும், பிரெனலின் கண்ணாடி வளையங்களை மெல்லிய பிளாஸ்டிக் தகட்டில் நுண்கோடுகளாகப் பதித்தார்கள். நுண்கோடு பதிக்கும் அந்தக் கைத்திறமை சாலை ஓரத்தில் இரவில் மின்னும் அடையாளப் பலகைகளுக்குப் போயிற்று, கடைசியில் எல்.சி.டி. திரைக்குள் வந்து புகுந்தது. வைர ஊசியால் உருளையின்மேல் வரிவெட்டி, அதன்மீது பிசின் பூசிய தாளை ஓட்டி, புறவூதாக் கதிரால் அந்தப் பிசினை இறுகச் செய்கிறார்கள். உப்புத்தாளிலிருந்து ஒளித்தாள் வரையில் ஒரே குடும்பத் தொழிலாக வந்திருக்கிறது என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறோம், பின்னால் வேண்டியிருக்கும்.

ஒளி இப்படி மேலும் கீழும் நடையாய் நடக்கும்போது ஒவ்வொரு நடைக்கும் சுங்கம் உண்டு. நம் ஆசிரியர் கணிதம் அறிந்தவராதலால் அவரிடமே கணக்கைக் கொடுத்தோம். கீழேயுள்ள எதிரொளிப்பான் நூற்றுக்குத் தொண்ணூறு திருப்புகிறது. பத்து முறை மோதினால் மிச்சம் என்ன? நூற்றுக்கு 35. தொண்ணூற்றெட்டு திருப்பினால்? நூற்றுக்கு 82. அலுமினியம் பூசிய சாதாரண நிலைக்கண்ணாடி முதல் வகையைச் சேர்ந்தது. உலோகமே இல்லாமல், பிளாஸ்டிக் அடுக்குகளால் மாத்திரம் செய்த எதிரொளிப்புத் தாள் நூற்றுக்கு 98க்கு மேல் திருப்புகிறது. எட்டு சதவிகிதம் என்பது ஒருமுறைக்கு அற்பம். பத்து முறைக்கு வாழ்வும் தாழ்வும்.

உலோகமில்லாமல் பிளாஸ்டிக் எப்படிக் கண்ணாடி ஆகும்? சோப்புக் குமிழியைப் பார்த்தவர்கள் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. முத்துச்சிப்பியின் உட்புறம் வானவில்லாக மின்னுவதும், மெல்லிய அடுக்குகள் ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் ஒளி எதிரொளித்து ஒன்றோடொன்று சேர்வதால்தான். ஸர் சி. வி. ராமன் 1930-களில் இந்தச் சிப்பிகளின் நிறங்களை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். இருவகைப் பிளாஸ்டிக்கை உருக்கி, நம் வீடுகளில் சிரோட்டிக்கு மடிப்பு மடிப்பாக அடுக்குவதுபோல், மாற்றி மாற்றி நூற்றுக்கணக்கான அடுக்குகளாகச் சேர்த்துத் தாளாக இழுத்தால், சிப்பி செய்யும் வித்தையைத் தாளும் செய்யும். அத்தனை அடுக்கும் சேர்ந்து ஒரு தலைமயிரின் பருமனுக்கு மேல் போகாது!

இனி அலமாரிக்குப் பின்னாலிருந்த பளபளத் தாளின் விஷயத்துக்கு வருவோம். நமது அபிப்பிராயத்தில் அதுவே இந்த வித்தையின் சிகரம். மேற்சொன்ன அடுக்குத் தாளை ஒரே பக்கமாகப் பிடித்து நீட்டினால், இருவகைப் பிளாஸ்டிக்கில் ஒன்றின் தன்மை நீட்டிய திசையில் மாறிவிடுகிறது. குறுக்குத் திசையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆகவே, நீட்டிய திசையில் அதிரும் ஒளிக்கு அது நூற்றுக்கணக்கான அடுக்குள்ள கண்ணாடி. குறுக்கே அதிரும் ஒளிக்கு அடுக்கே இல்லாத வெறும் தாள். முன்னது திரும்புகிறது, பின்னது நுழைகிறது. போலரைஸரின் வேலையை இதுவும் செய்கிறது. ஆனால் போலரைஸர் வேண்டாத பாதியை விழுங்கிச் சூடாக்கிவிடும், இது விழுங்காமல் திருப்பி அனுப்பும். திரும்பிய ஒளி கீழே வெள்ளைத் தாளில் மோதிக் கலைந்து, அதிரும் திசை மாறி மீண்டும் வருகிறது. இப்படிப்பட்ட அடுக்குகளின் தத்துவத்தை 3எம் கம்பெனியைச் சேர்ந்த வெபர், ஔடர்கிர்க் முதலானோர் 2000-ஆம் ஆண்டில் ஸயன்ஸ் பத்திரிகையில் வெளியிட்டார்கள்.

வட்டிக் கணக்கு அறிந்தவர்களுக்கு இதன் லாபம் உடனே விளங்கும். 100 பங்கு வருகிறது. 50 நுழைகிறது, 50 திரும்புகிறது. திரும்பியதில் ஐந்தில் ஒன்று வழியில் நஷ்டம் என்று வைத்துக்கொண்டாலும் 40 மீண்டும் வரும்; அதில் 20 நுழையும், 20 திரும்பும். அடுத்த முறை 8, அதற்கடுத்து 3 சொச்சம். கூட்டிப் பார்த்தால் 83. பாதியைத் தீயில் போட்டுக்கொண்டிருந்த இடத்தில் ஆறில் ஐந்து பங்கு உபயோகப்படுகிறது. உண்மையான திரைகளிலும் ஒன்றரை மடங்குக்குக் குறையாத லாபம் கிடைப்பதுண்டு. வரப்புத் தாள்களோடு இதையும் சேர்த்தால் நேர் எதிரே பார்ப்பவருக்கு இரண்டரை மடங்கு, சில சமயம் மூன்று மடங்கு பிரகாசம். அல்லது, பிரகாசம் பழையபடியே போதும் என்பவருக்கு, விளக்கு பாதிக்கும் கீழே.

இங்கே நேயர்கள் ஏமாந்துவிடக்கூடாது. இந்தத் தாள்கள் ஒளியைப் படைப்பதில்லை. இரண்டாவது தாள் நஷ்டத்தைக் குறைக்கிறது. அது கலப்பற்ற லாபம். வரப்புத் தாளோ பெரும்பாலும் இங்கிருப்பதை அங்கே மாற்றுகிறது. நேர் எதிரே கூடிய ஒளி பக்கங்களில் குறைந்த ஒளியே. நேரிலிருந்து சுமார் 35 பாகைக்கு அப்பால் சாய்ந்து பார்த்தால் பிரகாசம் சடக்கென்று விழுந்துவிடும். மடிக் கணினியில் ஒருவர்தாம் பார்ப்பார். அவருக்கு இது மெத்த நல்லது. கூடத்தில் குடும்பமே அமர்ந்து பார்க்கும் பெட்டியில், தாத்தா நேரே சாய்வு நாற்காலியில் இருக்க, சமையலறை நிலைப்படியில் சாய்ந்துகொண்டு அரைக் கண்ணால் பார்க்கும் பாட்டியின் பங்கையும் எடுத்துத் தாத்தாவுக்கே கொடுத்துவிடக்கூடாதல்லவா? அதனால்தான் தொலைக்காட்சிப் பெட்டிகளில் வரப்புத் தாளை அளவாகப் போடுகிறார்கள்.

பக்கத்திலிருந்து பார்ப்பதைப் பற்றிச் சொல்ல வந்ததும் நமது தேசத்துச் சங்கதி ஒன்று நினைவுக்கு வருகிறது. முன்னாளைய மேஜைக் கணினித் திரைகளைச் சாய்வாகப் பார்த்தால் கறுப்பு சாம்பலாகும், நிறங்கள் தலைகீழாகும். திரவப் படிகத்தின் அணுத்திரள்கள் குச்சி வடிவமாயிருப்பதால் வந்த வினை அது. அதற்கு மாற்றாகத் தட்டு வடிவமான அணுத்திரள்களாலான ஒரு தாளை முன்னும் பின்னும் ஒட்டினால் குறை பெருமளவு தீரும். தட்டு வடிவத் திரவப் படிகம் என்று ஒன்று உண்டு என்பதை உலகுக்கு முதலில் காட்டியது யார்? பெங்களூரில் ராமன் ஆராய்ச்சி நிலையத்தில் சிவராமகிருஷ்ண சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் என்ற மூவர். ஆண்டு 1977. வெளியிட்ட இடமும் அயல்நாட்டுப் பத்திரிகையன்று. நம் நாட்டுப் 'பிரமாணா' சஞ்சிகை. சந்திரசேகர் ராமனின் சகோதரி புதல்வர். அவருடைய தம்பி பஞ்சரத்தினமும் ஒளியின் அதிர்வுத் திசையை ஆராய்ந்து பெயர் பெற்றவர். இருபது வயதைச் சற்றே கடந்த பருவத்தில், 1955-ல், மூன்று படிகத் தகடுகளைத் தக்க கோணங்களில் அடுக்கினால் எல்லா நிறத்துக்கும் ஏறக்குறைய ஒன்றுபோல வேலை செய்யும் தகடு கிடைக்கும் என்று காட்டினார். இன்றைய ஓ.எல்.இ.டி. செல்போன்களில் வெளி வெளிச்சம் கண்ணைக் கூசாமல் தடுக்கும் தாள்களுக்கு இதே தேவை. அம்மேதை 1969-ல், முப்பத்தைந்து வயதில், ஆக்ஸ்போர்டில் காலமானார்.

சந்திரசேகர் கண்ட தட்டு வடிவப் பொருளைக் கொண்டு 1990-களில் தாள் செய்து உலகச் சந்தையைப் பிடித்தது ஜப்பான் தேசத்துப் பூஜி கம்பெனி. அது 1934-ல் போட்டோ பிலிம் செய்ய ஏற்பட்ட ஸ்தாபனம். பிலிம் என்பதுதான் என்ன? பிளாஸ்டிக் தாளின்மேல் மெல்லிய பூச்சை ஒரு மாசு மறுவின்றிப் பூசுவது. போட்டோ பிலிமை வாங்குவோர் குறைந்து வந்த காலத்தில் அதே கைத்திறமையைத் திரைத் தாளுக்குத் திருப்பிப் பிழைத்துக்கொண்டார்கள். உப்புத்தாள் கதையை மறந்திருக்க மாட்டீர்கள். திருப்பத் தெரியாத கோடக் கம்பெனி 2012-ல் திவாலானதும் உலகறிந்தது.

நமக்கோ, பெங்களூரிலிருந்து ஒரு பகல் பிரயாணத்தில், உதகமண்டலத்தில் ஒரு பிலிம் தொழிற்சாலை இருந்தது. ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1960-ல் ஸ்தாபிக்கப்பட்டு 1967-ல் உற்பத்தி தொடங்கிற்று. 'இந்து' என்ற முத்திரையோடு அதன் பிலிம் நாடெங்கும் சென்றது; ஆஸ்பத்திரிகளில் எலும்பு முறிவைக் காட்டிய எக்ஸ்ரே பிலிமும் அங்கே செய்ததுதான். தூசி அணுகாத குளிர்ந்த மலைக்காற்று, பூச்சு வித்தை பயின்ற தொழிலாளர்கள், சர்க்கார் போட்ட முதல், எல்லாம் இருந்தன. அதே காலத்தில் பெங்களூரில் அறிவு இருந்தது. பெங்களூர் மலையேறவில்லை, உதகை மலையிறங்கவில்லை. தொழிற்சாலை நலிந்து, கடன் பெருகி, மூடப்பட்டது. விஞ்ஞானிகளைக் குறை கூறுவது அநியாயம். கண்டுபிடிப்பது அவர்கள் தொழில், அதைச் செய்தார்கள். தொழிலாளரைக் குறை கூறுவது அதனினும் அநியாயம். இந்த இருவருக்கும் நடுவில் நின்று, "இவருடைய தட்டை உம்முடைய தாளில் பூசிப் பாருமே" என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமற்போனதுதான் நமது குறை என்பது நமது கட்சி. நம் நாட்டில் பூட்டப்படும் தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குத் திரைப் பலகை பெரும்பாலும் கடல் கடந்தே வருகிறது. தாள்களும் அதனோடு வருகின்றன.

வீட்டுக்கு உபயோகமான இரண்டொரு விஷயங்களையும் சொல்லிவிடுகிறோம். திரையின்மேல் வெளிப்புறமாக ஒட்டினால் வெளிச்சம் கூடும் என்று யாராவது தாள் விற்க வந்தால் வாங்க வேண்டாம். கண்ணாடியை விட்டு வெளியேறிவிட்ட ஒளியை எந்தத் தாளும் பெருக்க முடியாது. திருப்பி அனுப்பி மீண்டும் வரவழைக்கும் வித்தையெல்லாம் உள்ளே, விளக்குக்கும் பலகைக்கும் இடையில்தான் நடக்கும். வெயிலில் பளபளப்பைக் குறைத்துப் படத்தைத் தெளிவாக்கும் தாள் உண்டு. அது வேறு சரக்கு. பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்காமலிருக்க ஒட்டும் தாளோ இருக்கிற வெளிச்சத்தையும் குறைக்கும். பெட்டியைப் பிரித்துப் பழுது பார்க்கும்போது வீட்டார் ஒருவர் அருகே இருந்து, உள்ளே எத்தனை தாள், எந்த வரிசை, எந்தப் பக்கம் மேலே என்று ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்வது நலம். வரப்புப் பக்கம் கீழே திரும்பிவிட்டாலும் கெடுதலே. தாளை ஈரத்துணியால் அழுத்தித் துடைக்கக் கூடாது. வரப்பில் விழுந்த கீறல் திரையில் கோடாக நிற்கும். பளபளத் தாள் எது என்று சந்தேகமிருந்தால், அதை ஒரு எல்.சி.டி. திரையின் முன்னே பிடித்து மெல்லச் சுற்றிப் பாருங்கள். ஒரு நிலையில் படம் தெளிவாகத் தெரியும், கால் சுற்றுச் சுற்றினால் உங்கள் முகமே தெரியும். குழந்தைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டுக் கிடையாது.

பழுது பார்த்தவரை மறுபடி அழைத்தோம். நல்ல மனிதர், விஷயத்தைச் சொன்னதும் தலையைச் சொறிந்துகொண்டு, கூலி கேளாமலே பெட்டியைப் பிரித்து இரண்டு தாள்களையும் உரிய இடத்தில் வைத்தார். பிரகாசத்தின் எண்ணை 100-லிருந்து 45க்கு இறக்கியும் படம் பழைய களையோடு நின்றது. கத்தரித்த மூலையில் மட்டும் சாண் அகலத்துக்குக் கொஞ்சம் மங்கல். புதிய தாள் தருவிக்கலாமா என்று ஆசிரியர் யோசித்தார். அவர் மனைவியார் நிலைப்படியில் நின்றபடியே ஒரு கணம் பார்த்துவிட்டு, "அந்த மூலையில் டி.வி.க்காரன் தன் முத்திரையைத்தானே போடுகிறான்? அது மங்கினால் நமக்கென்ன நஷ்டம்?" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அட்டை வீட்டு ஜன்னல் அப்படியே இருக்கிறது.